முப்பத்தொண்ணு இன்னும் வரவில்லை

சங்ககிரி லாரி ஆபீஸ்களில் 'போறேன்' என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. பம்பாய்க்கு லோடு ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவனும் 'வாரேன்' என்பான். எதிர்க்கடைக்குப் பீடி வாங்கப் போகிறவனும் 'வாரேன்' என்பான். வடக்கிலிருந்து புதிதாக வந்த லோடுமேன் ஒருவன், டிரைவர் 'வாரேங்க' என்றதும் யாரோ வருகிறார் என்று நினைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான் என்று ஒரு கதை அங்கே உண்டு. சிரிக்கலாம்தான். ஆனால் ரோட்டை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அந்தச் சொல்லில் விளையாட்டு கிடையாது. கிளம்புகிறவன் 'வாரேன்' என்று சொல்ல வேண்டும். இருக்கிறவர் 'போயிட்டு வா' என்று பதில் சொல்ல வேண்டும். ஒன்று இருந்து ஒன்று இல்லாவிட்டால் அது பாதி திறந்த கதவு. சாவு வீட்டில் மட்டும் இந்த வழக்கம் இல்லை. அங்கே வந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விடுவார்கள்.

மதுமதிக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவளுடைய அப்பாவும் டிரைவர். ஒரு விடிகாலையில், தூங்குகிற பிள்ளைகளை எழுப்ப வேண்டாம் என்று 'வாரேன்' சொல்லாமலேயே கிளம்பி நாக்பூர் பக்கம் போனவர், வரவில்லை. அம்மா அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்து கொஞ்ச நாளில் அவரைத் தேடிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். மிச்சம் இருந்தது மதுமதியும், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தம்பி சின்னராஜும். அப்பா ஓட்டிய லாரியின் முதலாளி கரீம் பாஷா, மனசு கேட்காமல் அவளைத் தன் ஆபீசில் உட்கார வைத்தார். தம்பி தலையெடுக்கட்டும் என்று அவள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். அப்புறம் கல்யாணம் அவளைத் தள்ளிப்போட்டுவிட்டது. இப்போது காதோரம் நரைத்துவிட்டது. டிரைவர்கள் எல்லோருக்கும் அவள் 'ஆபீஸ் அக்கா'.

சின்னராஜைப் படிக்க வைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அப்பன் ரத்தம் சும்மா இருக்குமா? கிளீனராக ஏறியவன் டிரைவராகத்தான் இறங்கினான். அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், கடைசியில் இரண்டு நிபந்தனை போட்டாள். ஒன்று, கரீம் பாஷாவின் வண்டியைத் தவிர வேறு வண்டி ஓட்டக் கூடாது. அப்போதுதான் ஆபீசிலிருந்தே அவன் எங்கே இருக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியும். இரண்டு, ஸ்டியரிங்கில் கை இருக்கும்போது போனை எடுக்கக் கூடாது, அக்காவே கூப்பிட்டாலும் சரி. இரண்டையும் அவன் மீறியதில்லை. அவன் ஓட்டிய வண்டியின் எண் முப்பத்தொன்றில் முடியும். ஆபீசில் வண்டிக்கும் அதுதான் பெயர், சமயத்தில் அவனுக்கும் அதுதான் பெயர். முப்பத்தொண்ணு வந்துட்டான், முப்பத்தொண்ணு சாப்பிட்டான் என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

அவளுடைய மேஜையில் இருந்தது ஒரு பழைய கம்ப்யூட்டர். வாங்கிய காலத்தில் சங்ககிரி லாரி ஆபீஸ்களிலேயே அதுதான் பெரிய அதிசயம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மதுமதி அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். கரீம் பாஷா ஒன்றும் சொல்லமாட்டார், பொரிகடலையை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கித் தின்பார். வருஷாவருஷம் வைத்த பொட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து, பெட்டிக்கு நெற்றி முளைத்ததுபோல் இருந்தது. ஜி.பி.எஸ். வந்த பிறகு எல்லா வண்டிகளும் அதன் திரையில் அம்புக்குறிகளாக ஊர்ந்தன. வண்டி ஓடினால் பச்சை அம்பு. இன்ஜினை அணைத்தால் சிவப்பு. நாள் முழுக்க அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை, அதுவே அவள் நிம்மதியும்.

ஆனால் பெட்டிக்கு வயசாகிவிட்டது. பொத்தானை அமுக்கிவிட்டு ஆபீஸ் கூட்டி, தண்ணீர் தெளித்து, ஊதுபத்தி கொளுத்தினால் அப்போதுதான் கண் விழிக்கும். உள்ளே இருக்கிற காற்றாடி, மேட்டில் ஏறுகிற லாரி மாதிரி முக்கும். கரீம் பாஷாவின் மகள் ரிஹானா கோயம்புத்தூரில் படித்து முடித்துவிட்டு வந்து அப்பாவின் தொழிலில் கை வைத்தபோது, முதல் வேலையாக ஒரு லேப்டாப் வாங்கினாள்.

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஓட்டிப் பாக்கலாங்க்கா," என்றாள் ரிஹானா. "அப்பத்தான் உங்க பெட்டி எத்தன சோம்பேறின்னு உங்களுக்குத் தெரியும்."

மதுமதிக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரே மேஜையில் இரண்டையும் வைத்து, இரண்டிலும் ஒரே பக்கத்தைத் திறந்தார்கள். லேப்டாப் கண் மூடித் திறப்பதற்குள் வரைபடத்தை விரித்து எல்லா அம்புகளையும் கொட்டிவிட்டது. பழையதில் கட்டம் கட்டமாக ரோடு வந்து சேர்வதற்குள் கரீம் பாஷா டீ வரவழைத்து, குடித்து, கிளாசும் திரும்பிப் போய்விட்டது. அதுவாவது போகட்டும். அம்புகள் வந்த பிறகுதான் வேடிக்கை. லேப்டாப்பில் ஓசூரிலிருந்து வருகிற முப்பத்தொண்ணு கிருஷ்ணகிரியைத் தாண்டிவிட்டிருந்தது. பழைய திரையில் அதே முப்பத்தொண்ணு சூளகிரியிலேயே சாவகாசமாக வந்துகொண்டிருந்தது.

ரிஹானா விழுந்து விழுந்து சிரித்தாள். மதுமதியும் சிரித்தாள். சிரிக்கும்போதே ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. இத்தனை நாளும் தம்பி எங்கே இருக்கிறான் என்று பார்ப்பதாக நினைத்து, அவன் எங்கே இருந்தான் என்பதையா பார்த்துக்கொண்டிருந்தோம்? அவள் நிம்மதியாகப் பார்த்த ஒவ்வொரு பச்சையும் முடிந்துபோன பச்சை. அந்த நினைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. உதறிவிட்டு லேப்டாப்பின் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் கண் அதை விட்டு நகரவில்லை. புதுப் பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டாள். மத்தியானத்துக்கு முன்னால் முப்பத்தொண்ணு தர்மபுரியில் சிவப்பானது. டீ குடிக்கிறான் போலிருக்கிறது என்றாள். கொஞ்ச நேரத்தில் சின்னராஜ் போனில் கூப்பிட்டான்.

"அக்கா, டீ குடிச்சாச்சு. வண்டிய எடுக்கறேன். மத்தியானச் சோத்துக்கு ஊட்டுக்கு வரமாட்டேன், ஆபீசுலயே உன்ற கேரியர்ல தின்னுக்கறேன். வாரேன்."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பில் சிவப்பு பச்சையாக மாறியது. சாவியைத் திருப்பிய சத்தம் போனில் கேட்டதும், நிறம் மாறியதும் ஒரே நொடியில். மதுமதியின் கவனமெல்லாம் அந்த வேகத்தில் போய்விட்டது. "அட, மாறிருச்சு பாரு," என்று ரிஹானாவைத் தட்டிக் காட்டிக்கொண்டே, போனில், "செரி, போ போ," என்றாள்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. 'வா' சொல்லவில்லை. வாழ்நாளில் ஒரு நாளும் விட்டதில்லை. 'போயிட்டு வா சாமி' என்று முழுசாகச் சொல்லித்தான் பழக்கம். உடனே திருப்பிக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் கை இருக்கும்போது எடுக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்தவள் அவள்தானே.

அரை மணி நேரம் கழித்து, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லேப்டாப் அம்பு சிவப்பாகிவிட்டது.

அந்த இறக்கத்தில் யாரும் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைக்கமாட்டார்கள். ரிஹானாவுக்கு அது தெரியாது. மதுமதிக்குத் தெரியும். அவள் மெல்ல நாற்காலியைத் திருப்பி, காலையிலிருந்து ஏறெடுத்தும் பார்க்காத பழைய திரையைப் பார்த்தாள். அங்கே முப்பத்தொண்ணு தர்மபுரியை விட்டே கிளம்பவில்லை. டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது. அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அவன் இன்னும் 'வாரேன்' சொல்லவில்லை, அவளும் 'போ' சொல்லவில்லை. போனைக் காதில் வைத்து மறுபடி மறுபடி அடித்தாள். அந்தத் திரையில் இருப்பவனாவது எடுத்துவிடமாட்டானா என்றிருந்தது அவளுக்கு.

பழைய அம்பு பச்சையாகிக் கிளம்பியது. தொப்பூர் வந்தது. இறக்கத்தில் இறங்கியது. லேப்டாப்பில் சிவப்பு நின்ற அதே வளைவுக்கு வந்து ஒரு கணம் நின்றது. பிறகு அம்பு வளைவைத் தாண்டி, மெதுவாகக் கீழே இறங்கிச் சமதளத்துக்கு வந்துவிட்டது. பச்சையாகவே.

கரீம் பாஷா உள்ளறையிலிருந்து வந்தார். கையில் போன் இருந்தது, முகத்தில் ரத்தமில்லை. முப்பத்தொண்ணுக்குப் பின்னால் வந்த வேறொரு வண்டியின் டிரைவர் கூப்பிட்டிருந்தான். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

"இல்லீங்க பாய். தாண்டிட்டான். வந்து பாருங்க, ஓமலூர் ரோட்டுல வந்துட்டு இருக்கறான்."

சங்ககிரி மலைக்கோட்டை அடிவாரத்தில் மதுமதியின் வீட்டுக்கு முன்னால் அன்று நின்ற லாரிகளுக்குக் கணக்கில்லை. டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், கும்பிட்டார்கள், சொல்லாமல் எழுந்து போனார்கள். தினம் பத்துத் தடவை அவளிடம் 'வாரேங்க்கா' என்று சொன்ன வாய்களெல்லாம் இறுக மூடியிருந்தன. மதுமதி அழவில்லை. அந்த மூடிய வாய்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எல்லாரையும் அனுப்பத் தெரிந்தவள், தன் தம்பியை மட்டும் பாதியில் அனுப்பிவிட்டாள் என்ற ஒரே எண்ணம் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

கருமாதி முடிந்து ஆபீசுக்கு வந்தபோது, படியேறும் முன்பே அந்தச் சத்தம் கேட்டது. பழைய காற்றாடி முக்கிக்கொண்டிருந்தது. அன்றையிலிருந்து அதை யாரும் அணைக்கவில்லை என்றார்கள். நடுவில் கரண்ட் போய் வந்திருக்கிறது. வந்தபோது அதுவாகவே கண் விழித்திருக்கிறது. யாரும் பொத்தானைத் தொடவில்லை, தொடத் துணியவுமில்லை. திரையில் மற்ற வண்டிகள் ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு பச்சை அம்பு, தீவட்டிப்பட்டிக்குப் பக்கத்தில், நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் இருந்தது. முப்பத்தொண்ணு.

ரிஹானா பயந்துபோய் விளக்கம் சொன்னாள். பழைய பயணங்களை ஜி.பி.எஸ். கம்பெனி சேர்த்து வைத்திருக்கும், அதிலிருந்து ஏதோ ஒன்றைப் பெட்டி நெட்டில் இழுத்து ஓட்டிக் காட்டுகிறது என்றாள். அவன் அந்த ரோட்டில் எத்தனை தடவை வந்திருப்பான், அதில் ஒன்றாக இருக்கும் என்றாள். நல்ல விளக்கம்தான். சொல்லிவிட்டு அவளே மேஜைக்குப் பின்னால் குனிந்து பார்த்து, நெட் கேபிளை விபத்து நடந்த அன்று சாயங்காலமே பிடுங்கி லேப்டாப்பில் போட்டாகிவிட்டதைப் பார்த்ததும், தன் நாற்காலியைப் பெட்டியை விட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

மதுமதிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சாயங்காலம் அவள் கிளம்பும்போது அம்பு ஓமலூரை நெருங்கியிருந்தது. மறுநாள் ஓமலூரில், அவன் வழக்கமாக நிறுத்துகிற டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றது. அதற்கடுத்த நாள் கொண்டலாம்பட்டி பைபாஸ். உச்சிவெயிலில் நகராமல் கிடக்கும். வெயில் தாழ்ந்ததும் மறுபடி கிளம்பும். லாரி இப்படி வராது என்று அவளுக்குத் தெரிந்தது. லாரிதான் நசுங்கிப்போய் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கிடக்கிறதே. இது வண்டியில்லாத ஒருவன், நிழல் கண்ட இடத்தில் ஒதுங்கி ஒதுங்கி நடந்து வருகிற வேகம்.

அதைப் புரிந்துகொண்ட அன்று ராத்திரி அவள் விளக்கை அணைக்காமலேயே படுத்தாள். ஆனாலும் மறுநாள் காலையில் கேரியரில் இரண்டு பேருக்குச் சோறு கட்டினாள்.

இதற்கிடையில் பழைய பெட்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த சேலத்துக் கடைக்காரர் ஆள் அனுப்புவதாகப் போன் செய்தார். கரீம் பாஷா தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார். ஒருவர் போனதற்குப் பிறகு அவரை நினைவுபடுத்துகிற சாமானைக் கண் முன்னால் வைத்துக்கொண்டிருந்தால் மனசு ஆறாது என்று சொல்லிப் பார்த்தார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வண்டி மகுடஞ்சாவடிக்கு வந்துவிட்டது, வந்து சேரட்டும், அப்புறம் எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள்.

அவர் குனிந்து அந்தப் பச்சையைப் பார்த்தார். அவரும் லாரிக்காரர்தான். அவருடைய வாயிலிருந்து வந்தது வேறு பேச்சு.

"வெளிய போன வண்டி வந்து சேராம நானு என்னிக்காச்சும் கேட்டைப் பூட்டியிருக்கறனா மதும்மா? வரட்டும்."

வரட்டும் என்று சொல்லிவிட்டார். ஆனால் வந்தால்? அந்தக் கேள்விதான் அவளைத் தின்றது. பெட்டியை இப்போது தூக்கிக்கொடுத்துவிட்டால் அவன் என்றைக்கும் ரோட்டிலேயே நிற்பான். வந்து நின்றுவிட்டால், என்ன சொல்லி அழைப்பாள்? விட்டுப்போன அந்த 'வா'வைச் சொல்லிவிட அவள் நாக்கு துடித்தது. சொன்னால் வந்துவிடுவான். அக்கா சொல்லை மீறாதவன். வந்தால் அப்புறம் எங்கே போவான்?

வெள்ளிக்கிழமை மத்தியானம். கரீம் பாஷா தொழுகைக்குப் போயிருந்தார். ரிஹானா லேப்டாப்பில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். பழைய திரையில் பச்சை அம்பு சங்ககிரிக்குள் திரும்பி, பெட்ரோல் பங்க்கைத் தாண்டி, ஆபீஸ் சந்துக்குள் நுழைந்தது. காற்றாடியின் முக்கல், மேடு ஏறி முடித்த வண்டி போலத் தணிந்தது. அம்பு கேட்டுக்கு நேராக வந்து நின்றது.

நின்றது. ஆனால் சிவப்பாகவில்லை.

மதுமதி எழுந்து வாசலுக்கு வந்தாள். கேட்டுக்கு வெளியே வெயில் மட்டும்தான் இருந்தது. கேட்டு நிழலில், சின்னராஜ் வரும்போதெல்லாம் பிஸ்கட் போட்டு வளர்த்த நாய் படுத்திருந்தது. அது எழுந்து உடம்பைச் சிலுப்பிக்கொண்டது. ஓர் ஆள் உயரத்துக்கு அண்ணாந்து பார்த்து வாலை ஆட்டியது.

அவளுக்குப் பயம் வரவில்லை. அதுவரை இருந்த பயமெல்லாம் எங்கோ போய்விட்டது. வந்ததெல்லாம் பரிவுதான். எவ்வளவு தூரம்! செருப்பாவது காலில் இருந்ததோ என்னவோ. தாகமாக இருக்கும், பசியாக இருக்கும். பின்னால் மேஜையில் கேரியர் இருந்தது. வாய் 'வா சாமி' என்பதற்குத் திறந்தேவிட்டது.

பச்சை. அதை நினைத்துக்கொண்டாள். இன்ஜினை அணைக்காமல் நிற்கிறான். வேலை முடிந்ததா, இன்னும் ஓட்ட வேண்டுமா என்று அக்காவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அன்றைக்கு அவள் சொன்ன 'போ' கவனமில்லாமல் சொன்னது. அதை அவன் போவதா வருவதா என்று தெரியாத சொல்லாக எடுத்துக்கொண்டு இத்தனை தூரம் நடந்திருக்கிறான். 'வா' என்றால் இனிமேலும் நடப்பான். தினம் தினம், தொப்பூரிலிருந்து இந்த வாசலுக்கு.

மதுமதி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எந்த டிரைவரின் முகத்தைப் பார்த்தும், எந்த நாளிலும் சொல்லாததை, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னாள்.

"ஓட்டுனது போதுஞ் சாமி. வண்டிய அணைச்சுப்போடு. அக்கா உன்னைய 'வா'ன்னு சொல்லல. போ."

நாயின் வால் மெதுவாக நின்றது. அது சந்தின் கோடி வரை எதையோ பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, திரும்பி வந்து தன் பழைய இடத்தில் சுருண்டு படுத்தது. வாசலில் ஒருவரும் இல்லை என்பது இப்போது நன்றாகத் தெரிந்தது. தம்பி போய்விட்டான். மதுமதி அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பழைய திரையில் முப்பத்தொண்ணு இன்னும் பச்சையாகவே கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பெட்டிக்கு எந்தச் செய்தியும் தாமதமாகத்தான் போய்ச் சேரும். சிவப்பாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நாற்காலியை அதன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.